கண்ணாடிக்காரர் அளவு கொடுத்த கதை

விளக்கை அணைத்ததும் கண்ணாடிக்காரர் வீச ஆரம்பித்துவிடுவார். கடைக்குப் பின்னால் உள்ள கண் சோதிக்கும் அறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே போக வேண்டிய அளவுதான். வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து, கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் சுமந்துகொண்டு, எழுத்துகளை வரிவரியாகப் படிப்பார். இவர் பின்னால் நின்று, வெறுங்கையோடு முழங்காலை மடக்கி, இடுப்பைத் திருப்பி, இல்லாத கோல்ஃப் பந்தை அடிப்பார். "ம், அடுத்த வரி." ஒரு பந்து. "ம், அதுக்கும் அடுத்தது." இன்னொரு பந்து. இருட்டில் யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம். ஆனால் இடம் போதாததால் எழுத்துப் பலகையை நாற்காலிக்குப் பின்னால் மாட்டி, எதிர்ச்சுவரில் நிலைக்கண்ணாடி வைத்திருக்கிறார். பலகை தெரிகிற கண்ணாடியில் பலகைக்குப் பக்கத்தில் ஆடுகிற ஆள் தெரியமாட்டாரா? ஒரு பள்ளிக்கூட டீச்சர் கடைசி வரிவரை தட்டாமல் படித்து முடித்துவிட்டு, "அதுக்குப் பக்கத்துல ஒருத்தர் குனிஞ்சு நிமிர்றாருங்க. அதையும் சொல்லணுமா?" என்று கேட்டாராம்.

இதைச் சொன்னது அவர் மனைவி. சொல்லும்போதே சிரிப்பு வந்து பாதியில் நிறுத்திவிட்டார்.

கண்ணாடிக்காரருக்கு வயது ஐம்பத்தெட்டு. குள்ளம். தொப்பை அவருக்கு அரை அடி முன்னால் கடைக்குள் நுழையும். கண் இரண்டும் பழுதில்லாதவை. ஆனாலும் வெறும் கண்ணோடு உட்கார்ந்தால் வருகிறவர்களுக்கு நம்பிக்கை வராது என்று பவர் இல்லாத கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறார். கோணலாக உட்கார்ந்திருக்கும் மூக்குக் கண்ணாடியைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் முகத்திலிருந்து "ஒரு நிமிஷம் குடுங்க" என்று கழற்றி, அதன் காலை வளைத்து நிமிர்த்தி, திரும்ப மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். ஒருமுறை அப்படி இறங்க மறந்து நாலு நிறுத்தம் தள்ளிப் போனார்.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு கோபம் உண்டு. காத்திருக்கும்போது கதவிடுக்கு வழியாக எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு உள்ளே வந்து ஒப்பிக்கிறவர்கள்மேல் வருகிற கோபம். நீங்கள் நினைப்பதைவிட அப்படிப்பட்டவர்கள் அதிகம். "இது பரீட்சை இல்லைங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. நீங்க பொய் சொன்னா நான் அந்தப் பொய்க்குத்தான் கண்ணாடி போடுவேன்" என்று ஒவ்வொருவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். இந்த வசனத்தை அவர் மனைவி உதட்டசைவில் கூடவே சொல்லுவார்.

சரி, கண்ணாடிக்கடைக்கும் கோல்ஃபுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம்தான். மாப்பிள்ளையின் அப்பா கப்பலில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். உயரம், நிதானம், சட்டையில் ஒரு கசங்கல் இருக்காது. கல்யாணமான புதிதில் இரண்டு சம்பந்திகளும் எதிரெதிரே உட்கார்ந்தால் "வேறென்ன?" "நீங்கதான் சொல்லணும்" என்பதோடு பேச்சு படுத்துவிடும். இந்த அவஸ்தை தாங்காமல் கப்பல்காரர் ஒருநாள், "ஞாயித்துக்கிழமை சும்மா மைதானத்துக்கு வாங்களேன் சம்பந்தி" என்றார். போனார். ஆறு வருஷமாகிவிட்டது. இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் போகிறார். நாலு மணி நேரம் புல்லில் நடந்தால் பேசாமலேயே பேசினது மாதிரி இருக்கிறது என்பார். அந்த மனுஷனை இவருக்கு அவ்வளவு பிடித்துப்போய்விட்டது.

ஆனால் ஆட்டம்! மட்டையை மேலே தூக்கும்போது இவர் இடது முழங்கை மடங்கிக்கொள்ளும், வலது குதிகால் எழும்பும், கண் மேல்நோக்கிப் போகும். மைதானத்தில் இவருக்கு 'ஒட்டடை' என்று பெயர். கூரையில் ஒட்டடை அடிக்கிறவர் மாதிரி இருக்கிறதாம். பந்து கொஞ்சதூரம் போய், வலதுபக்கமாகத் தயங்கித் தயங்கி, புதருக்குள் போய்ச் சேரும். அப்போதெல்லாம் கப்பல்காரர், "பரவாயில்லை சம்பந்தி, அடுத்தது பாத்துக்கலாம்" என்பார். திட்டினால்கூடத் தாங்கலாம். இந்த 'பரவாயில்லை' இருக்கிறதே, அது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு முப்பது தடவை வந்து நெஞ்சில் குத்தும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஜோடிப் போட்டி வந்தது. மைதானத்தில் வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது. ஜோடிக்கு ஒரே பந்து, இருவரும் மாறி மாறி அடிக்க வேண்டும். ஒருவர் பள்ளத்தில் தள்ளினால் மற்றவர்தான் பள்ளத்தில் இறங்கி எடுக்க வேண்டும். கப்பல்காரரோடு வழக்கமாக ஆடுகிறவருக்கு முழங்கால் ஆபரேஷன். "நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஆடலாமா சம்பந்தி?" என்று கப்பல்காரர் கேட்டுவிட்டார். கேட்ட அன்று கண்ணாடிக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டின் பெரியவர், தானாக வாய்திறந்து கேட்டிருக்கிறார். அவரை ஊர் பார்க்கப் புதருக்குள் இறக்கிவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு அந்த வீட்டு வாசலை மிதிப்பது?

"எல்லாம் இந்த மட்டையாலதான்" என்றார் மனைவியிடம். மட்டைகள் பழையவை, தன்னைவிட ஒரு முழம் உயரமான ஆளிடமிருந்து வாங்கியவை. "இப்பல்லாம் நம்ம உடம்புக்கு அளவெடுத்து மட்டை செஞ்சு தர்றாங்க. கை நீளம், வீசுற வேகம், எல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்து."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் மனைவி, ஒரு சட்டத்தை வளைப்பதற்காகச் சூடான மணலில் செருகியபடி.

"கூடம் கோணலா இல்லையான்னு அளந்து பாத்தாத்தானே தெரியும்?"

அளவெடுக்கப் போவதற்கு நாள் குறித்தார். அதற்கு மூன்று வாரம் இருந்தது. அங்கேதான் மனுஷன் சறுக்கினார். அளவெடுக்கிற இடத்தில் தன் ஒட்டடை வீச்சைக் காட்ட அவருக்கு வெட்கமாக இருந்தது. செல்போனில் வீடியோ பார்த்து, இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் வீசுகிற வீச்சு ஒன்றைப் பழக ஆரம்பித்தார். அந்த வீச்சு அவரிடம் பத்துப் பந்துக்கு மேல் நிற்காது. அதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு அகலமான இடுப்புப் பட்டை வாங்கினார். தொப்பையையும் அது உள்ளே தள்ளியது. கூடவே தடித்த அடிப்பாகம் உள்ள புதுக் காலணி. கிளம்பும் காலையில் வலி மாத்திரை ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. "பொண்ணு பாக்கவா போறீங்க?" என்று கேட்டார் மனைவி.

அளவெடுத்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும், கழுத்தில் அளவு நாடா, காதில் பென்சில். அறையில் ஒரு பக்கம் திரை, எதிரே பச்சை விரிப்பு, விரிப்புக்குப் பக்கத்தில் வேகம் அளக்கிற கருவி. மட்டையின் முகத்தில் ஒரு தாளை ஒட்டினாள், பந்து எங்கே படுகிறது என்று அதில் தடம் விழும். மணிக்கட்டிலிருந்து தரைவரை அளந்தாள். உள்ளங்கையை விரிக்கச் சொல்லி விரல்களை அளந்தாள். பிறகு, "நீங்க எப்பவும் அடிக்கிற மாதிரி அடிங்க சார், அது போதும்" என்றாள். அவளும் அதை ஒவ்வொருவருக்கும் சொல்கிறவள்தான்.

கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு வீசினார். ஐந்து பந்துக்கு ஒருமுறை "தண்ணி குடிச்சுக்கறேம்மா" என்று மூலைக்குப் போய் மூச்சு வாங்கினார். திரையில் பந்து நூல் பிடித்த மாதிரி போயிற்று. "இந்த வயசுல இவ்வளவு வேகமா சார்?" என்று அந்தப் பெண் உண்மையாகவே வியந்தாள். வேகமாக வீசுகிறவர்களுக்குத்தான் விறைப்பான தண்டு, நீளமும் கூடுதலாக. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அவர் மிதந்துகொண்டு வீட்டுக்கு வந்தார். அடுத்த மூன்று நாள் வெந்நீர்ப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார், அது வேறு விஷயம்.

மட்டைகள் வந்தன. பளபளவென்று, தொட்டாலே வழுக்கும் அழகு. ஞாயிற்றுக்கிழமை முதல் பந்து முப்பது அடி போய்ப் படுத்தது. இரண்டாவது புதருக்கு. மூன்றாவது எங்கே போனது என்று இதுவரை யாருக்கும் தெரியாது. மட்டை இரும்புக் கம்பி மாதிரி நின்றது, வளைந்து கொடுக்கவில்லை. நீளம் வேறு கூடிப்போய்ப் புல்லைப் பெயர்த்தது. பழைய மட்டையே தேவலை என்றாகிவிட்டது. "புதுசு இல்லையா சம்பந்தி, பழகிடும்" என்றார் கப்பல்காரர். அடுத்த ஞாயிறு இன்னும் மோசம். அன்று கப்பல்காரர் 'பரவாயில்லை' சொல்வதையும் நிறுத்திவிட்டார். கண்ணாடிக்காரருக்கு உயிரே போய்விட்டது.

அந்த வாரம்தான் முடிவெட்டுகிறவர் கடைக்கு வந்தார். கண்ணாடிக்காரருக்கே முடிவெட்டுகிறவர். போன மாதம் கண்ணாடி போட்டுக்கொண்டு போனவர். "இதைப் போட்டா தலை சுத்துதுங்க. போடலைன்னா சீப்பு ரெண்டா தெரியுது" என்றார். கண்ணாடிக்காரர் வில்லையை மூன்று தடவை சரிபார்த்தார். தன் கையில்தான் தப்பு என்று நினைத்துச் சோர்ந்துபோய், கடைசியில் எழுத்துப் பலகையை மாற்றி மாட்டிப் படிக்கச் சொன்னார். மூன்றாவது வரியிலேயே வண்டி நின்றுவிட்டது.

"போன தடவை மனப்பாடம் பண்ணிட்டு வந்தீங்களா?"

முடிவெட்டுகிறவர் திருதிருவென்று முழித்தார். "கத்தி புடிக்கிற ஆளுக்குக் கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா யாருங்க தலைய குடுப்பாங்க?"

"அதுக்கு என்கிட்டயா வேஷம் போடறது? நான் என்ன மார்க் போடறவனா? என்கிட்ட நல்ல பேர் வாங்கி என்ன செய்யப்போறீங்க? நீங்க எதைக் காட்டறீங்களோ அதுக்குத்தானே நான் செஞ்சு குடுக்க முடியும்!" என்று கண்ணாடிக்காரர் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

மனைவி சின்னத் திருகாணி ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "நல்லா இருக்கு. இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார்.

கண்ணாடிக்காரருக்கு உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. முடிவெட்டுகிறவருக்குப் புது வில்லைக்கு எழுதிக்கொடுத்தார்.

மறுநாளே ஓசைப்படாமல் அளவெடுக்கும் பெண்ணிடம் தனியாகப் போய் உண்மையைச் சொல்லி, காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடுவது என்று தீர்மானம். கிளம்புகிற நேரத்தில் போன் வந்தது. கப்பல்காரர். "சம்பந்தி, ரெண்டு நாளா யோசிச்சேன். அளவுல தப்பு பண்ணியிருக்காங்க. இதை விடக்கூடாது. நானும் வந்து பேசறேன்." வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது? "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று இழுத்துப் பார்த்தார். "இதுல என்ன சிரமம்? நம்ம விஷயம்" என்றார் அவர். 'நம்ம' என்ற அந்த ஒரு வார்த்தை கண்ணாடிக்காரரை அடித்துப் போட்டுவிட்டது. பயத்தில் இடுப்புப் பட்டையையும் புதுக் காலணியையும் மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஆறு வருஷத்தில் கப்பல்காரர் குரலை உயர்த்தி இவர் கேட்டதில்லை. அன்று கேட்டார். "இவரு ஆறு வருஷமா என்கூட ஆடறாரும்மா. பழைய மட்டையில இவ்வளவு மோசமா ஒருநாளும் அடிச்சதில்லை. நாப்பது வருஷம் மெஷினோட இருந்தவன் நான். அளவு தப்பினா எனக்குத் தெரியாதா?"

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. எழுதி வைத்த தாளை எடுத்து வந்து விரலால் வரிவரியாகத் தொட்டுப் பார்த்தாள். "நான் ரெண்டு தடவை பாத்தேன் சார். சார் வீசின வேகத்துக்கு இந்தத் தண்டுதான் சரி… கருவியில ஏதாவது கோளாறா இருக்குமோ என்னமோ." பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, மறுபடி காதிலேயே வைத்தாள். "சார், ஒரு மூணு பந்து அடிச்சுக் காட்டறீங்களா?"

கண்ணாடிக்காரருக்குத் திருடனுக்குத் தேள் கொட்டின நிலைமை. புது மட்டையை எடுத்துக்கொண்டு விரிப்பில் ஏறி நின்றார். உடம்பு இருக்கிறதே, அது பயந்தால் பழைய பொய்யைத்தான் செய்யும். முழங்கை மடங்கவில்லை, குதிகால் எழும்பவில்லை. பந்து மூன்றும் நூல் பிடித்தது மாதிரி போயின.

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். கப்பல்காரர் திரையைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை மெதுவாக, குழாய் எங்கே ஒழுகுகிறது என்று தேடுகிறவர் மாதிரி பார்த்துக்கொண்டு வந்து, அந்தத் தடித்த காலணியில் நிறுத்தினார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. பெரிய மனுஷன், சொல்லமாட்டார்.

"மட்டை நல்லாத்தானே இருக்கு சார்?" என்றாள் அந்தப் பெண். அவளுக்கு ஆறுதலும் இல்லை, குழப்பம்தான் கூடியது. "அப்ப வெளியில ஏன் சரியா வரலை? நான் அளந்ததுல எங்க தப்புன்னு புரியலையே. மொதல்ல இருந்து வேணா திரும்ப அளந்துடறேன். எங்க முதலாளிகிட்ட என் தப்புன்னே சொல்லிக்கறேன்."

வெளியே காற்று அதிகம் என்று சொல்லியிருக்கலாம். புல் ஈரம் என்று சொல்லியிருக்கலாம். சம்பந்தியும் வாயைத் திறக்கப் போவதில்லை. தப்பித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அந்தப் பெண் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பார்வையைக் கண்ணாடிக்காரரால் தாங்க முடியவில்லை. முந்தின நாள்தான் ஒரு வில்லையை மூன்று தடவை எடுத்துப் பார்த்து, கை தவறிவிட்டதோ என்று அவரும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அளவெடுக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேதனை என்று அந்த அறையில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"உங்க அளவுல தப்பே இல்லைம்மா" என்றார். "அளவு குடுத்தவன்தான் தப்பு. அன்னைக்கு வந்து அடிச்சது நான் இல்லை."

சட்டையின் கீழ்ப் பொத்தான் இரண்டைக் கழற்றினார். உள்ளே கையை விட்டு இழுத்தார். இடுப்புப் பட்டை 'சர்ர்ர்' என்று பிரிந்தது. தொப்பை தன் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்தது. காலணியையும் கழற்றி ஓரமாக வைத்தார். மூன்று அங்குலம் இறங்கின மாதிரி இருந்தது. சம்பந்தி பக்கம் திரும்பாமலே மட்டையை எடுத்தார். முழங்கை மடங்கியது, குதிகால் எழும்பியது, கண் கூரைக்குப் போயிற்று. அடித்தார். திரையில் பந்து சோம்பேறித்தனமாக எழும்பி, வலதுபக்கம் சாய்ந்து, படம் முடிகிற இடத்தில் மறைந்தது.

அந்தப் பெண் சிரிப்பை அடக்கக் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணாடிக்காரர் தலைகுனிந்து நின்றார்.

"ஆங்!" என்றார் கப்பல்காரர். "இவருதாம்மா எங்க சம்பந்தி. இவருக்குத்தான் மட்டை வேணும்."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கப்பல்காரர் சிரிக்கிறார். ஆறு வருஷமாக உதட்டோரத்தில் மரியாதைக்குச் சிரித்த மனுஷன், இப்போது கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "போட்டிக்குப் பதினெட்டு நாள் இருக்கும்மா. அதுக்குள்ள இவரு கைக்கு எது சரியோ அதைச் செஞ்சு குடு. எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பந்து."

"ஒரே வாரத்துல தண்டை மாத்திடலாம் சார்" என்றாள் அந்தப் பெண். அவள் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள். நாடாவை உருவினாள். "வாங்க சார், இங்க வெறுங்காலோட நில்லுங்க. நேரா."

"இவ்வளவுதாம்மா என் நேர்" என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் நாடாவின் ஒரு முனையை அவர் மணிக்கட்டில் வைத்துப் பிடித்தாள். மறுமுனை தரையில் நிற்காமல் சுருண்டு சுருண்டு மேலே வந்தது. காலால் மிதித்துப் பார்த்தாள், நழுவியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த கப்பல்காரர், மடிப்புக் கலையாத கால்சட்டையைத் தொடையருகே இரண்டு விரலால் தூக்கிவிட்டுக்கொண்டு, முழங்காலில் ஒரு சொடுக்குச் சத்தம் கேட்க, இவர் காலடியில் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"ஐயையோ சம்பந்தி! என்ன இது, எழுந்திருங்க! நீங்க போய் என் கால்கிட்ட…"

"அசையாதீங்க, அளவு மாறிடும்" என்று அதட்டிவிட்டு, நாடாவின் நுனியைக் கட்டைவிரலால் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார் கப்பல்காரர்.